மண் தொட்டியா, பீங்கானா, பிளாஸ்டிக்கா: உங்கள் செடிக்கு எது?

போன வருடம் ஒரு பீங்கான் தொட்டியைச் சுத்தியலால் உடைக்க வேண்டி வந்தது. கருநீல மெருகு பூசிய அழகான தொட்டி. நடுவில் குடம் மாதிரி பருத்து, வாய் குறுகி இருக்கும். ஐந்து வருடமாக அதில் ஒரு அடீனியம் வளர்ந்துவந்தது. அடித்தண்டு கிழங்கு போல வீங்கி, வேர் உள்ளே இடமில்லாமல் நிறைந்துவிட்டது. மண் மாற்றலாம் என்று சாய்த்துப் பார்த்தேன், சுற்றிலும் கத்தி விட்டுப் பார்த்தேன், ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்தும் பார்த்தேன். வயிறு பெருத்த வேர்ப்பந்து அந்தக் குறுகிய வாய் வழியாக எப்படி வரும்? கடைசியில் செடியா தொட்டியா என்று ஆனது. தொட்டி போனது.

அந்தச் செடி இப்போது மெருகில்லாத சாதாரண மண் தொட்டியில் இருக்கிறது. மேலே அகலம், கீழே ஒடுக்கம், வாயைச் சுற்றிப் பட்டை போலத் தடித்த விளிம்பு, அடியில் ஓட்டை. பூந்தொட்டி வரையச் சொன்னால் எந்தக் குழந்தையும் வரைகிற வடிவம். எத்தனையோ வகைத் தொட்டிகள் வந்த பிறகும் இந்த வடிவம் ஏன் அப்படியே நிற்கிறது என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன். புதுத் தொட்டி எடுக்கும்போது எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதும் அப்போதுதான் தெளிவானது. வடிவம் ஒரு கேள்வி. எதில் செய்தது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, கடைசியில் நிறத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறோம்.

முதலில் வடிவம்

அடி ஒடுங்கிய அந்தச் சாய்வுக்கு மூன்று வேலை. குயவர் அச்சிலிருந்து ஈரத் தொட்டியை எடுக்கும்போது ஒட்டாமல் வருகிறது. வெறும் தொட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைக்க முடிகிறது. மூன்றாவதுதான் செடி வளர்ப்பவருக்கு முக்கியம்: வேர்ப்பந்து முழுசாக வழுக்கி வெளியே வருகிறது. செடியின் தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு, உள்ளங்கையால் மண்ணை மூடி, தொட்டியைத் தலைகீழாகத் திருப்பி, விளிம்பை மேசை ஓரத்தில் ஒரு தட்டு தட்டுங்கள். மண்ணும் வேரும் தொட்டியின் வடிவத்திலேயே கையில் வந்து உட்காரும். வெள்ளை வேர்கள் ஓரமெல்லாம் வலை பின்னியிருப்பது தெரியும். வேர் ஆரோக்கியமாக இருக்கிறதா, பழுப்பேறி அழுகுகிறதா என்று பார்த்துவிட்டு, வேண்டாம் என்றால் அப்படியே திரும்ப உள்ளே வைத்துவிடலாம். குடம் போன்ற தொட்டியில் இந்தச் சோதனைக்கே வழியில்லை.

விளிம்பும் அலங்காரத்துக்காக வந்ததில்லை. மெல்லிய மண் சுவர் காயும்போதும் சூளையில் வேகும்போதும் வாய் கோணிக்கொள்ளும். தடித்த பட்டை அதைப் பிடித்து நிறுத்துகிறது. அடுக்கும்போது மேல் தொட்டியின் விளிம்பு கீழ்த் தொட்டியின் விளிம்பின்மேல் உட்காரும், சுவரும் சுவரும் இறுகிச் சிக்காது. தூக்கும்போது விரலுக்குப் பிடி கிடைக்கிறது. இடி படுகிற இடமும் அதுதான், அங்கேயே மண் தடிப்பாக இருக்கிறது.

ஓட்டையின் வயது நம்மை ஆச்சரியப்படுத்தும். ஏதென்ஸ் நகரில் ஹெபைஸ்டஸ் கோயிலைச் சுற்றி 1930களில் அகழாய்வு செய்தபோது, பாறையில் வரிசையாக வெட்டிய குழிகளும் அவற்றில் நட்டு வைத்த மண் தொட்டிகளும் கிடைத்தன. கிறிஸ்துவுக்கு முந்தைய 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தோட்டம் அது. தொட்டிகளின் அடியில் ஓட்டை இருந்தது. கிபி 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயின் தோட்டங்களிலும் இப்படி ஓட்டை போட்ட நடவுத் தொட்டிகள் கிடைத்திருக்கின்றன. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை என்பதை அந்தத் தோட்டக்காரர்கள் கையால் தெரிந்து வைத்திருந்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. அடி ஒடுங்கியதால், உயரமான செடியை வைத்துக் காற்றடிக்கிற இடத்தில் விட்டால் சாய்ந்துவிடும். சதுரத் தொட்டியோடு ஒப்பிட்டால் அதே இடத்தில் மண்ணும் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும். இருந்தாலும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மண் மாற்ற வேண்டிய எந்தச் செடிக்கும் நான் இந்த வடிவத்தைத்தான் சொல்வேன், அது எந்தப் பொருளில் செய்ததாக இருந்தாலும் சரி.

மெருகில்லாத சுடுமண்

டெரகோட்டா என்ற இத்தாலியச் சொல்லுக்குச் சுட்ட மண் என்றுதான் அர்த்தம். நம் சுடுமண்ணும் அதேதான். ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெந்த இந்த மண் கல்லாக இறுகுவதில்லை, உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. மண்ணில் இருக்கும் இரும்பு, சூளைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அந்தச் செம்மண் நிறத்தைத் தருகிறது. இலையின் பச்சையை இந்த நிறம் எடுத்துக் காட்டுவது போல வேறெதுவும் காட்டுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

நுண்துளைகளால் என்ன நடக்கிறது? உள்ளே இருக்கும் ஈரம் சுவர் வழியாகக் கசிந்து வெளிப்பக்கம் ஆவியாகிறது. ஆவியாகும்போது சுவர் குளிர்கிறது. வெயில் நேரத்தில் ஒரு மண் தொட்டியையும் பக்கத்தில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியையும் தொட்டுப் பாருங்கள், வித்தியாசம் உள்ளங்கையிலேயே தெரியும். நீர் வெளியேறிய இடத்துக்குக் காற்று வருகிறது. அதிகமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டாலும் இந்தச் சுவர் கொஞ்சம் மன்னிக்கும். வீட்டுச் செடிகள் தண்ணீர் போதாமல் சாவதைவிட, தண்ணீர் அதிகமாகி வேர் அழுகிச் சாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மண் தொட்டியின் மேல் எனக்கு இருக்கும் பாசத்துக்கு முதல் காரணம் அதுதான்.

இந்தத் தொட்டி பேசவும் செய்யும். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய கண்ணாடிக் குடில்களில் நூற்றுக்கணக்கான தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்ட தோட்டக்காரர்கள், குச்சி நுனியில் ஒரு மரக்கட்டையைச் செருகி வைத்துக்கொண்டு தொட்டியைத் தட்டிக்கொண்டே போவார்கள். ‘டங்’ என்று கேட்டால் மண் காய்ந்திருக்கிறது, தண்ணீர் வேண்டும். ‘டொக்’ என்று அமுங்கிக் கேட்டால் ஈரம் இருக்கிறது. நான் விரல் மூட்டால் தட்டிப் பார்த்துப் பழகினேன், ஒரு வாரத்தில் காது பிடித்துக்கொண்டது. வாங்கும்போதும் இதே தட்டு உதவும். வெறும் தொட்டியை விரல் நுனியில் தொங்கவிட்டுத் தட்டினால் மணி போலக் கணீரென்று கேட்க வேண்டும். ஓசை செத்துப்போய் வந்தால் மயிரிழை விரிசல் இருக்கலாம், அல்லது சரியாக வேகாமல் இருக்கலாம். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

இனி பாதகமான பக்கம். சீக்கிரம் காய்ந்துவிடும். சின்ன மண் தொட்டிக்கு வெயில் காலத்தில் ஒரு நாளில் இரண்டு முறைகூடத் தண்ணீர் தேவைப்படலாம். கனம். கீழே விழுந்தால் உடைந்தது உடைந்ததுதான். உறைபனி விழும் ஊர்களில் இன்னொரு கவலையும் உண்டு: தண்ணீர் பனிக்கட்டியாகும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும், சுவரின் துளைக்குள் இருக்கும் நீர் உறைந்தால் தொட்டி செதில் செதிலாக உரியும் அல்லது வெடிக்கும். இத்தாலியில் பிளாரன்ஸ் அருகே உள்ள இம்ப்ருனேத்தாவின் தொட்டிகளுக்குப் பெயர் வந்ததே, அந்த ஊர்க் களிமண் பனியைத் தாங்கும் என்பதால்தான்.

வெளிச்சுவரில் பூக்கும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். தண்ணீரிலும் உரத்திலும் இருக்கும் உப்புகள்தான் சுவர் வழியாக வெளியே வந்து காய்ந்து நிற்கின்றன. பிடிக்கவில்லை என்றால் வினிகர் கலந்த நீரில் தேய்த்துக் கழுவலாம். நான் கழுவுவதில்லை. வெள்ளைப் படிவமும் நிழல் பக்கத்துப் பச்சைப் பாசியும் சேர்ந்து, அந்தத் தொட்டி எத்தனை மழையும் வெயிலும் பார்த்தது என்று சொல்கின்றன. ஆனால் படிவம் வேகமாகவும் தடிப்பாகவும் ஏறினால் உரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மெருகிட்ட பீங்கான்

மெருகு என்பது உருகி ஒட்டிய கண்ணாடித் தோல். அது மூடிய பிறகு சுவர் மூச்சு விடாது. நீர் வெளியேற மேல் மண், அடி ஓட்டை, செடியின் இலை ஆகிய மூன்று வழிதான். ஆகவே அதே செடி, அதே மண்கலவை, அதே அளவு என்றாலும் மெருகிட்ட தொட்டியில் இரண்டு தண்ணீருக்கு நடுவே இடைவெளி நீளமாக இருக்கும். பெரணிக்கும், ஈரம் விரும்பும் அகல இலைச் செடிகளுக்கும் இது வசதி. கள்ளிக்கும் சோற்றுக்கற்றாழைக்கும் இது ஆபத்து.

மெருகிட்ட தொட்டி எல்லாம் ஒன்றல்ல, வாங்கும்போது இதைக் கவனியுங்கள். தொட்டியைக் கவிழ்த்து, மெருகு படாத அடிப்பகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உடனே குடித்துவிட்டால் உள்ளே இருப்பது குறைந்த சூட்டில் வெந்த மண். சொட்டு அப்படியே நின்றால் 1,200 டிகிரிக்கு மேல் வெந்து கல் போல இறுகிய உடல். முதல் வகையில் வெளியே மட்டும் மெருகு பூசியிருந்தால் நாளாக ஆக வினை வரும். உள்சுவர் ஈரத்தை உறிஞ்சும், அது வெளியே போக வழி தேடும், போகிற வழியில் உப்பு சேர்ந்து மெருகைப் பின்னாலிருந்து தள்ளும். இரண்டு மூன்று வருடத்தில் மெருகு செதிலாகக் கழன்று விழும். இரண்டாவது வகை பல வருடம் புதுசு போலவே நிற்கும், குளிரையும் நன்றாகத் தாங்கும்.

அடுத்தது ஓட்டை. அழகான பீங்கான் தொட்டிகள் பலவற்றில் அது இருப்பதே இல்லை. அடியில் கூழாங்கல் போட்டால் போதும் என்று சொல்வார்கள், அது சரியில்லை. பாத்திரம் தேய்க்கும் பஞ்சு (ஸ்பாஞ்ச்) ஒன்றை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டி முடிந்த பிறகு அதையே நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடித்தால் இன்னும் தண்ணீர் சொட்டும். பஞ்சின் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் எப்போதும் தங்கியே இருக்கும் என்பதுதான் காரணம். தொட்டி மண்ணிலும் அப்படித்தான். கூழாங்கல் போட்டால் அந்தச் சொதசொத அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆழமில்லாத தட்டுத் தொட்டிகள் எப்போதும் ஈரமாக இருப்பதும் இதனால்தான். ஓட்டையில்லாத பீங்கான் பிடித்துவிட்டால், வைரத்தூள் பதித்த துளைமுனையால் தண்ணீர் விட்டுக்கொண்டே மெதுவாகத் துளை போடச் சொல்லுங்கள். அல்லது ஓட்டையுள்ள சின்ன தொட்டியில் செடியை நட்டு, பீங்கானை வெளிக்கூடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தண்ணீர் ஊற்றிய கால் மணி நேரம் கழித்து உள்தொட்டியைத் தூக்கி, கீழே தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். கொட்ட மறப்பவர் என்றால் இந்த ஏற்பாடே வேண்டாம்.

பிளாஸ்டிக், சிமெண்ட், துணிப்பை

பிளாஸ்டிக்கும் மெருகிட்ட பீங்கானைப் போலவே ஈரத்தைப் பிடித்து வைக்கும், கனம் மட்டும் இல்லை. தொங்கும் தொட்டிக்கும், பாரம் ஏற்றக் கூடாத மாடிக்கும், அடிக்கடி இடம் மாற்ற வேண்டிய செடிக்கும் இதுதான் சரி. நாற்று வளர்க்கவும் சிறந்தது. வெயில்தான் அதற்கு எதிரி. கறுப்புத் தொட்டியின் சுவரில் நேர்வெயில் பட்டால் உள்ளே மண்ணின் சூடு 50 டிகிரியைத் தாண்டிவிடும், வெயில் பக்கத்து வேர் வெந்துபோகும். சில வருடத்தில் வெயிலே பிளாஸ்டிக்கை முறுமுறுவென்று ஆக்கிவிடும், தூக்கும்போது விளிம்பு கையோடு வரும். பிளாஸ்டிக் தொட்டிகளில் பெரும்பாலானவை அந்தப் பழைய சாய்வையும் விளிம்பையும் அப்படியே வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பல தொட்டிகளுக்குச் செங்கல் நிறம்கூட அப்படியே வந்திருக்கிறது. பொருள் முழுக்க மாறிய பிறகும் மாற்ற ஒன்றும் தேவைப்படாத வடிவம் அது.

சிமெண்ட் தொட்டி ஒரே இடத்தில் பல வருடம் நிற்கப்போகும் மரத்துக்கு. புதுசில் சுண்ணாம்புக் காரம் கசியும், அதனால் சில நாள் நீர் நிரப்பி நிரப்பிக் கொட்டிய பிறகு நடுங்கள். துணிப்பையில் வேர் ஓரத்துக்கு வந்ததும் காற்றுப் பட்டு நுனி காய்ந்து, உள்ளே புதுக் கிளை வேர் விடும். சுருண்டு சுற்றாது. வேர் வளர அருமையான இடம். ஆனால் மண் தொட்டியைவிடவும் வேகமாகக் காயும், சில வருடத்தில் நைந்துபோகும்.

எதை எடுப்பது?

செடியைப் பார்ப்பதற்கு முன் தண்ணீர் ஊற்றும் கையைப் பாருங்கள். போகிற வருகிற போதெல்லாம் ஒரு குவளை ஊற்றுகிற ஆளா? சுடுமண்தான் உங்களுக்கு, எந்தச் செடி என்றாலும். அந்தச் சுவர் உங்கள் அன்பைத் தாங்கிக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறைதான் நேரம் கிடைக்கிறது, நடுவில் வெளியூர் போகிற வேலை என்றால் மெருகிட்ட பீங்கானோ பிளாஸ்டிக்கோ எடுங்கள், மண்கலவையில் மட்டும் கரடுமுரடான துகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். இதற்கப்புறம் செடி. வறட்சி தாங்கும் கள்ளி, கற்றாழை, ரோஸ்மேரி, அடீனியம், எலுமிச்சை வகைகளுக்குச் சுடுமண். ஈரம் கேட்கும் பெரணிக்கு மெருகு. கையும் செடியும் எதிரெதிராக நின்றால், உதாரணமாகக் கள்ளியும் ஓயாமல் ஊற்றும் கையும் சேர்ந்தால், இரண்டுக்கும் ஒரே பதில் சுடுமண். பெரணியும் ஓயாமல் ஊற்றும் கையும் என்றால் அப்போதும் நான் சுடுமண்தான் எடுப்பேன். காய்ந்த பெரணிக்கு மறுநாள் தண்ணீர் விட்டால் அநேகமாகத் தழைத்துவிடும், அழுகிய வேரை மீட்பது மிகவும் கடினம்.

கடைசியாகத் தரை. ஈரம் பட்டால் கறை ஏறும் மரத்தரையிலும் அலமாரியிலும் மெருகில்லாத தொட்டியை நேரடியாக வைக்காதீர்கள். கீழே மண் தட்டு வைத்தாலும் அதுவும் கசியும், ஆகவே தட்டு மட்டும் மெருகிட்டதாக இருக்கட்டும்.

அளவில் அவசரம் வேண்டாம். பழைய ஆங்கிலேயக் குயவர்கள் ஒரு குறிப்பிட்ட அளவு களிமண்ணில் எத்தனை தொட்டி வரும் என்பதை வைத்தே அளவுக்குப் பெயர் வைத்தார்கள். 60 என்றால் சின்னது, 32 என்றால் அதைவிடப் பெரியது. சீன அரண்மனைக்குச் செய்த ஜுன் வகைப் பூந்தொட்டிகளின் அடியிலும் 1 முதல் 10 வரை எண் பொறித்திருக்கும், அங்கேயும் 1தான் எல்லாவற்றிலும் பெரியது. நாம் விட்டத்தை அங்குலத்தில் சொல்வதால் ஒரு விஷயம் மறைந்துபோகிறது: 6 அங்குலத்திலிருந்து 8 அங்குலத்துக்குப் போனால் மண் இரண்டு மடங்குக்கும் மேல், 12 அங்குலத்துக்குப் போனால் எட்டு மடங்கு. சின்னச் செடியின் வேர் அவ்வளவு மண்ணின் ஈரத்தைக் குடிக்க முடியாது, சுற்றிலும் மண் நனைந்தே கிடக்கும். இப்போது இருப்பதைவிட 2 முதல் 5 சென்டிமீட்டர் அகலம் கூடுதல் போதும். கனத்தையும் கணக்குப் போடுங்கள். 12 அங்குல மண் தொட்டியில் சுமார் 11 லிட்டர் மண் பிடிக்கும், நனைந்த பிறகு தொட்டியோடு சேர்த்து 20 கிலோ பக்கம் வந்துவிடும்.

சுடுமண் என்று முடிவு செய்துவிட்டால், நடுவதற்கு முந்தைய ராத்திரி புதுத் தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் முழுக்கி வையுங்கள். சுவரிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக மேலே வரும், ‘சொர்’ என்று சன்னமாக ஒரு சத்தமும் கேட்கும். காய்ந்த தொட்டியில் நேராக நட்டால் முதல் தண்ணீரைச் சுவரே குடித்துவிடும். காலையில் எடுத்து, ஓட்டையின்மேல் ஒரு ஓட்டாஞ்சில்லைக் குழிந்த பக்கம் கீழாகக் கவிழ்த்து வைத்தால் மண் ஓடாது, நீர் ஓடும். என் அடீனியத்துக்கு நான் வைத்தது, அன்று உடைந்த தொட்டியின் கருநீலத் துண்டு ஒன்றை.